பீரோவுக்குப் பின்னால் விழுந்த டெல்லி

தம்பி,

நீ அச்சடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போன பயணத் திட்டத்தைப் படித்தேன். அதிலிருக்கும் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்ராவை வெள்ளிக்கிழமையில் போட்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் மூடியிருக்கும். செங்கோட்டைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. ஞாயிறு இரவே திரும்புவதாகப் போட்டிருப்பதால் அது இடிக்காது. குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தை ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே திறப்பார்கள் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ப பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். அது நல்ல வேலை. தோட்டத்தை வெள்ளிக்கு வை, ஆக்ராவைச் சனிக்கு மாற்று. குதுப் மினாரையும் செங்கோட்டையையும் ஒரே காலையில் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறாய். ஒன்று நகரத்தின் தெற்கு முனை, மற்றொன்று பழைய டெல்லி. நடுவில் முழு ஊரும் கிடக்கிறது. டெல்லிக்கே போகாதவர் இதையெல்லாம் சொல்கிறாரே என்று நீ சிரிக்கலாம். போகாதவனுக்குத்தான் வரைபடம் மனப்பாடமாக இருக்கும்.

ஆனால் நீ என்னிடம் கேட்டது இதை அல்ல. நான் வருகிறேனா இல்லையா என்று கேட்டாய். பெயர்ப் பட்டியலில் உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும் கீழே சுந்தரம் மாமாவையும் செல்வி அத்தையையும் சேர்த்துவிட்டு, நான் அதைப் படித்து முடிக்கும் முன்பே பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். பிறகு போனில் சொன்னாய்: "நீங்க வரலேன்னா மொத்தமா கேன்சல்தான்பா. அம்மாவும் வர மாட்டாங்க. அடுத்த மாசம் நான் அமெரிக்கா போயிட்டா அப்புறம் எப்போன்னு எனக்கே தெரியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க." இதை நீ மிரட்டலாகச் சொல்லவில்லை என்று தெரியும். உன் வேலையில் எல்லாவற்றுக்கும் ஒரு கெடு வைத்துப் பழகிவிட்டாய். நேரில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் படிப்பாய். மெதுவாகவே படி. புரியாத இடத்தை அம்மாவிடம் கேட்காதே. அவளைப் பற்றியும் இதில் இருக்கிறது.

முன்பு ஒரு முறை நாம் டெல்லிக்குக் கிளம்பினோமே, அப்போது உனக்குப் பதினோரு வயது. நடந்ததில் பாதிதான் உனக்கு நினைவிருக்கும். மீதியை மாமா சொல்லும் நகைச்சுவைக் கதையாகத்தான் கேட்டிருப்பாய். நானும் இதுவரை என் பக்கத்தைச் சொன்னதில்லை. கோபக்காரன் சொல்லும் கதையை யாரும் முழுதாகக் கேட்பதில்லை. சிரிக்க வைப்பவன் சொல்வதுதான் ஊரில் நிற்கும். நீ போகிற நாட்டிலும் இதே கதைதான் இருக்கும். அலுவலகத்தில் ஏதாவது தவறு நடந்தால், அதை முதலில் வேடிக்கையாகச் சொல்லிவிடுகிறவன் தப்பித்துக்கொள்வான். நியாயத்தை வரிசையாக எடுத்து வைக்கிறவன் முசுடு என்று பெயர் வாங்குவான். நான் வாங்கியிருக்கிறேன்.

சர்க்கார் ஊழியர்களுக்கு நான்கு ஆண்டுக்கு ஒரு முறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் குடும்பத்தோடு போய்வரச் சலுகை உண்டு. இந்த மராத்தி ஊரில், தாபோடியில் நம் குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்த வங்காளி காஷ்மீர் போனார், பஞ்சாபி கன்னியாகுமரி போனார். நாம் மட்டும் அந்தச் சலுகையிலும் திருநெல்வேலிக்கே போனோம். ஒரு முறை உன் அம்மா வழியில் கல்யாணம், மறுமுறை என் பக்கத்தில் காதுகுத்து. நான் வேலை பார்த்த சர்க்கார் கல்லூரியில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஆண்டுக்கு இரண்டு தடவை அலுவலகச் செலவில் டெல்லி போவார். அவருக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது நான், அதை எடுத்துக்கொண்டு போய் வாசிப்பது அவர். திரும்பி வரும்போது எனக்குக் குதுப் மினார் படம் போட்ட சாவிக்கொத்து வாங்கி வருவார். என்னிடம் அந்தச் சாவிக்கொத்துகள் நிறையச் சேர்ந்தன. பதவி உயர்வு வரவில்லை. முதுகலைப் பட்டம் வாங்கிய ஒருவன் சாவிக்கொத்து வாங்கிக்கொண்டு நன்றி சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த முறை மட்டும் யார் வீட்டில் என்ன விசேஷம் வந்தாலும் டெல்லிதான் என்று முடிவு செய்தேன். நகரத்தின் கேம்ப் பகுதியில் ஒரு கடையில் டெல்லி வரைபடம் வாங்கி, நம் சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். சாப்பிடும்போது உன்னிடம் கேட்பேன்: "இந்தியா கேட்டிலேர்ந்து குடியரசுத் தலைவர் மாளிகைக்கு எந்தப் பக்கம் நடக்கணும்?" நீ வாயில் சோற்றோடு கையை மேற்கே நீட்டுவாய்.

ரயிலில் இடம் கிடைத்தது செவ்வாய்க்கிழமை மாலை. அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது என்று உன் அம்மா காலண்டரைக் காட்டினாள். பாலைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் சூலம் தீரும் என்று அதே காலண்டரில் போட்டிருந்தது. அவள் பிறந்த வீட்டில் அதெல்லாம் செல்லாது. பரஸ்தானம் வைத்தே ஆக வேண்டும் என்றாள். உனக்கு இந்தச் சொல் தெரிந்திருக்காது. நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணத்துக்கு வேண்டிய பொருள் ஒன்றை ஒரு பையில் போட்டு வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு சூலமோ எதுவோ, நாம் போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். கிளம்பும் முன் அந்தப் பை மட்டும் நம் வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. வந்தால் பயணமே திரும்பிவிட்டதாக அர்த்தம்.

அப்போது அம்மாவின் தம்பி, உன் சுந்தரம் மாமாவுக்குப் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தாபோடியில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தரைத்தளத்தில் வாடகை வீடு. ஸ்டேஷன் போகிற வழி. அங்கே வைப்பதென்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் நம் வீட்டுக்கு வந்திருந்தான். அம்மா ஒரு துண்டையும் சீப்பையும் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "ஏக்கா, டெல்லிக்குப் போறது அத்தானா சீப்பா? சீப்பு போனா போதும்னா சரி" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தான், டிக்கெட்ட வைங்க. அப்பத்தான் சாமிக்கே நம்பிக்கை வரும்" என்றான். எனக்கு இந்தச் சூலத்திலோ பரஸ்தானத்திலோ நம்பிக்கை கிடையாது. கேலி செய்ய வேண்டும் என்றுதான் தோன்றியது. "அதுவும் சரிதான். மொத்த டெல்லியும் முன்னால போகட்டும்" என்று சொல்லி ரயில் டிக்கெட், தங்குமிடம் பதிவு செய்த சீட்டு, வழிச்செலவுக்கு எடுத்து வைத்திருந்த பணம் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு அந்தப் பைக்குள் வைத்தேன். வைத்தது நான்தான். இதை நான் என்றும் மறைத்ததில்லை. ஆனால் சொன்னது அவன். கதை சொல்லும்போது அவன் விட்டுவிடுகிற பகுதி இதுதான்.

ஒரு வழக்கத்தில் நம்பிக்கை இல்லையென்றால் அதைச் செய்யாதே. அல்லது வீட்டில் இருப்பவர்களுக்காகச் செய்கிறாய் என்றால் அவர்கள் சொல்கிறபடி துண்டையும் சீப்பையும் வைத்துவிட்டுப் பேசாமல் இரு. நம்பாத ஒன்றை நம்புகிறவர்களைவிட அதிகமாகச் செய்து காட்டாதே. அந்தப் பையில் சீப்பு மட்டும் இருந்திருந்தால் நாம் டெல்லியில் ஒரு சீப்பு வாங்கியிருப்போம்.

திங்கள்கிழமை நல்ல நேரத்தில் அம்மா பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். செவ்வாய் மதியம் நாம் மூவரும் பெட்டிகளோடு ஆட்டோவில் போய் இறங்கினால், வீடு பூட்டியிருந்தது. செல்வி வீட்டில் இருப்பதாகத்தான் பேச்சு. பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெண்மணி அரிசி புடைத்துக்கொண்டே, "வோ லோக் தோ நிக்டி கயே. ஷாம் கோ ஆயேங்கே" என்றாள். நிக்டிக்குப் போயிருக்கிறார்கள், சாயங்காலம் வருவார்கள். ரயிலும் சாயங்காலம்தான். அப்போது கையில் போன் எது? பஸ் ஏறிப் போனாலும் நிக்டியில் எந்தத் தெரு என்று யாருக்குத் தெரியும்? ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்கு அப்பால், பீரோவின் தலையில், நம் பச்சைப் பை உட்கார்ந்திருந்தது. நீ ஜன்னல் திட்டில் ஏறி நின்று, "அந்தா இருக்குப்பா! அந்தா இருக்கு!" என்று கத்தினாய். அது தெரியாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

நான் கல்லைத் தேடினேன். பூட்டு சின்னப் பூட்டுதான். உன் அம்மா கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "எந்தம்பி வீட்டுப் பூட்ட ஒடச்சிட்டுத்தான் டெல்லி பாக்கணுமாக்கும்? பயணம் போற நேரத்துல பூட்ட ஒடைக்கதாவது!" ஆட்டோக்காரர் வேறு அவசரப்படுத்தினார். பக்கத்து வீட்டுப் பெண்மணி, கொடியில் துணி போட வைத்திருந்த நீளமான மூங்கில் கம்பை எடுத்துவந்து கொடுத்தாள். கம்பை ஜன்னல் வழியே விட்டுப் பையின் காதில் மாட்ட முயன்றேன். காதில் மாட்டவும் செய்தது. கொஞ்சம் இழுத்திருந்தால் வந்திருக்கும். "மெள்ளங்க, மெள்ள" என்று உன் அம்மா பின்னாலிருந்து கையைப் பிடித்தாள். கம்பு வழுக்கியது. பை பின்பக்கமாகச் சரிந்து பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அதன் பிறகும் அவள் பூட்டை உடைக்க விடவில்லை, ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுப் பார்க்கவும் எனக்கு மனமில்லை. நாம் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். வண்டி போகிற சத்தம் அந்தத் தெருவுக்கு நன்றாகவே கேட்கும்.

பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். கையில் பேடா டப்பா. நிக்டியில் அவர்கள் பணம் கட்டியிருந்த வீட்டின் சாவியை அன்றைக்கே வந்து வாங்கிக்கொள்ளும்படி வீட்டு வசதி வாரிய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். சுந்தரம் தெருமுனையிலிருந்தே, "அத்தான்! சாவி வாங்கியாச்சு!" என்று டப்பாவைத் தூக்கிக் காட்டினான். பிறகுதான் நம் பெட்டிகளைப் பார்த்தான். "ஐயையோ" என்று ஒரு வார்த்தை சொன்னான். பீரோவை நகர்த்திப் பையை எடுத்துக் கொடுத்தான். நான் அந்தப் பேடாவைத் தொடவில்லை. நீ மட்டும் இரண்டு தின்றாய். சின்னப் பிள்ளை, பசி.

மறுபடி விடுப்பு கேட்டபோது மேலதிகாரி, "ஏன், போன தடவை போகவில்லையா?" என்று கேட்டார். அதற்குள் அந்தச் சலுகைக் காலமும் முடிந்துவிட்டது. அடுத்த பொங்கலுக்குத் தமிழ்க் குடும்பங்கள் கேம்ப்பில் ஒரு மண்டபத்தில் கூடினோம். பந்தியில் என் எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டு உன் மாமா கதையைத் தொடங்கினான். "எங்க அத்தான் இருக்காரே, மூங்கில் கம்ப வச்சு டெல்லிய பீரோவுக்குப் பின்னால தள்ளிட்டாருல்லா!" இரண்டு வரிசையும் சிரித்தது. பரிமாறியவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு டெல்லி சார் என்று பெயர். காய்கறி வாங்கும் இடத்தில்கூட யாராவது, "என்ன சார், டெல்லியில குளிரா?" என்பார்கள். நான் வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். நிக்டி வீட்டுப் பால் காய்ச்சுக்குப் போகவில்லை. இன்றுவரை அந்த வீட்டுப் படியை மிதித்ததில்லை. உன் அம்மா தீபாவளிக்கும் ஆடிக்கும் தனியாக பஸ்ஸில் போய்வந்தாள். தம்பி வீட்டிலிருந்து திரும்பி வருகிறவள், அங்கே என்ன பேசினோம் என்று சொல்ல முடியாமல் நேராக அடுக்களைக்குள் போவாள். அதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்துக்கொண்டு செய்தித்தாள் படித்தேன்.

இந்தப் புதன்கிழமை வரை உனக்கு நான் எழுத நினைத்த பதில் வேறு. "நான் வரவில்லை, நீங்கள் போய்வாருங்கள்" என்று ஒரே வரி. உன் திட்டத்தை அம்மாவிடம் காட்டியபோது அவள் டெல்லியைப் பார்க்கவில்லை. கிழமையைப் பார்த்தாள். "புதன்கிழமை காலையிலா பிளைட்? வடக்க சூலமாச்சே" என்றாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பரஸ்தானம் என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் உச்சரித்துப் பல ஆண்டுகளாகிறது. அன்று சாயங்காலமே போன் வந்தது. அம்மாதான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் எடுத்தேன்.

"அத்தான், சுந்தரம் பேசுதேன்" என்றான். "பைய எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டான். பின்னால் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "எங்க வீட்டுல வைங்கத்தான்" என்றான்.

"உன் வீட்டிலயா?" என்றேன்.

"அன்னைக்கு நான் பூட்டுதப்ப சாவிய பக்கத்து வீட்டுல குடுக்கத்தான் போனேன். செல்விதான் கைய புடிச்சா. புது வீட்டுச் சாவி வாங்கப் போற நேரத்துல பழைய வீட்டுச் சாவிய அடுத்தவங்க கையில குடுத்தா வீடு நிக்காதுன்னா. வெரசா வந்திரலாம்னு நெனச்சேன். வரிசை நீண்டு போச்சு. வீட்டுச் சாவிய விட்டுட்டு வர மனசு வரல அத்தான்."

"இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லலை?"

"நீங்க எல்லார்ட்டயும் சொல்லிருவீங்கன்னு பயந்தேன். அதான் முந்திக்கிட்டு நானே சிரிப்பா சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்ச பொறவு நிறுத்தத் தெரியல." பிறகு, "தப்புதான்" என்றான். அதை மிகவும் சின்னக் குரலில் சொன்னான். பந்தியில் கதை சொல்லும்போது இருக்கிற குரலில் சொல்லியிருக்கலாம்.

நான் போனை வைத்துவிட்டேன். நீ நினைக்கிறபடி மனம் இளகிப் போய்விடவில்லை. என் பெயரை ஒரு ஊர் முழுக்க மாற்றிவிட்டு, பல வருஷம் கழித்து போனில் மன்னிப்புக் கேட்டால் கணக்குச் சரியாகிவிடாது. ஆனால் ஒன்று புரிந்தது. நான் ரயிலை விட்ட அதே சாயங்காலம் அவன் ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஊரெல்லாம் சொல்லிவிடுவேன் என்று பயந்து நின்றிருக்கிறான். நான் நம்பாத வழக்கம் ஒன்று என் பையை அவன் வீட்டில் வைத்தது. அவன் நம்பிய வழக்கம் ஒன்று அந்த வீட்டைப் பூட்டியது. இரண்டுக்கும் நடுவில் உன் அம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு டெல்லியும் போயிற்று, தம்பி வீடும் பாதி போயிற்று. அவள் இதுவரை யாரிடமும் எந்த நியாயமும் கேட்டதில்லை. நேற்று பரணிலிருந்து எதையோ எடுக்க ஸ்டூல் போட்டாள். நான் பிடித்துக்கொண்டேன். பழைய பச்சைப் பையை எடுத்து உதறி, வெயிலில் போட்டாள். நான் வருகிறேனா என்று கேட்கவில்லை.

நான் வருகிறேன்.

சில விஷயங்களைக் குறித்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி. குதுப் மினாருக்கும் செங்கோட்டைக்கும் வேறு வேறு நாள் ஒதுக்கு. ஒரு மதியத்தை எதுவும் போடாமல் காலியாக விடு. காலி இடம் இல்லாத திட்டம் முதல் தாமதத்திலேயே உடைந்துவிடும். இந்தியா கேட்டிலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகை வரை நான் நடந்து போக வேண்டும். கார் வேண்டாம். உடன் வர விரும்புகிறவர்கள் வரலாம். பயணத்தில் பீரோக் கதையை உன் மாமா எடுக்கக் கூடாது என்று நான் தடை போடப் போவதில்லை. எடுத்தால், டிக்கெட்டை வைக்கச் சொன்னது யார் என்ற பகுதியிலிருந்து நான் தொடங்குவேன். அதையும் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

பரஸ்தானம் திங்கள்கிழமை காலை. செவ்வாயும் சூலம் என்பதால் அன்று வைக்க முடியாது. பையை அம்மாவிடமோ உன்னிடமோ கொடுத்து அனுப்பப் போவதில்லை. நானே நிக்டிக்கு பஸ்ஸில் கொண்டுபோகிறேன். எந்த மாடி என்று மட்டும் சொல். புதன்கிழமை அவர்கள் விமான நிலையத்துக்கு வரும்போது எடுத்து வரட்டும். உள்ளே என்ன வைப்பது என்றும் யோசித்துவிட்டேன். உங்கள் காலத்து டிக்கெட்டை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். அதை வைப்பதில் ஒரு பொருளும் இல்லை. என்னுடைய அடையாள அட்டையை வைக்கிறேன். அது இல்லாமல் என்னை விமான நிலையத்துக்குள் விட மாட்டார்கள். என்னுடையதை மட்டும். அம்மாவினுடையதும் உன்னுடையதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஏதாவது ஆகி அந்தப் பை வராமல் போனால், நீங்கள் நான்கு பேரும் எனக்காக நிற்காமல் போய்விட்டு வாருங்கள்.

பையை பீரோமேல் வைக்கக் கூடாது. இதை நீ மாமாவிடம் சொல்ல வேண்டாம். திங்கள்கிழமை நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா